டிக்கெட் ஜன்னலைக் கண்டால் வண்டியைத் திருப்பும் அப்பா

இன்றைக்கு யாரைச் சந்தித்தேன் தெரியுமா? மணிக்கட்டில் கட்டும் ஆரஞ்சு நிறப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் வாங்கியவர்கள் போகும் வழியாக, கெட்டில் ஏரிக் கேளிக்கைப் பூங்காவுக்குள் ஓட்டமாக ஓடிய லைல் பேகலை! பக்கத்து வீட்டுக்காரர்தான், வருடக்கணக்கான பழக்கம்தான். ஆனால் அந்த லைலை இன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை. உங்களுக்கு அவரைத் தெரியாது, அதனால் நம்புவீர்கள். இருந்தாலும் இதில் இருக்கிற அதிர்ச்சி உங்களுக்கும் உறைக்க வேண்டும் அல்லவா? ஆகவே முதலில் இனத்தை அறிமுகம் செய்கிறேன். ஆள் அப்புறம்.

இனத்தின் பெயர்: இலவசச் சுற்றுலாத் தந்தை. எங்கள் விஸ்கான்சின் மாநிலம் முழுக்கக் காணப்படும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் அரைக்கால் சட்டை, எந்தக் கடையோ திறப்பு விழாவில் கொடுத்த தொப்பி, காரின் பின்பக்கம் மடிப்பு நாற்காலி, ஐஸ் பெட்டி, கோடு போட்ட போர்வை. சனிக்கிழமை காலையில் இந்த இனம் விழிக்கும்போதே வாயில் ஒரு கேள்வியோடு விழிக்கும்: "இன்னைக்கு எங்க சும்மா விடுறாங்க?"

கஞ்சன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாவம், மனசு புண்படும். லைல் பனிக்காலத்தில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு வாசலுக்கும் பனி தள்ளிக் கொடுப்பார்; யாராவது கையில் எதையாவது திணித்தால் கோபித்துக்கொள்வார். இலவசமாக ஒரு பாலாடைக்கட்டித் துண்டை ருசி பார்க்க மூன்று மாவட்டம் தாண்டி வண்டி ஓட்டுவார்; பெட்ரோல் ஒரு பொருட்டே இல்லை. அவருடைய பகை காசோடு இல்லை. அந்தச் சின்ன ஜன்னலோடு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து "எத்தனை பேர்?" என்று கேட்பாளே, அந்த ஜன்னல்! அதைத் தூரத்தில் பார்த்தாலே அவர் கை தானாகவே, வண்டி திரும்புவதற்கான விளக்கைப் போட்டுவிடும்.

மிருகக்காட்சிசாலைக்குப் போக வேண்டும் என்று பிள்ளை அழுகிறதா? அதற்குத்தானே செல்லப்பிராணிக் கடை இருக்கிறது! பல்லி உண்டு, கிளி உண்டு, வெள்ளெலி உண்டு. கதவும் தானாகத் திறக்கும். இயற்கை அருங்காட்சியகமா? வேட்டைச் சாமான் விற்கும் பெரிய கடையில் பஞ்சு அடைத்த கரடி ஒரு செயற்கை மலை மேல் நின்றுகொண்டு முழு ஊரையும் முறைக்கிறதே, அது எதற்கு? கலைக்கூடமா? அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டாம், வாசலில் இருக்கும் அன்பளிப்புக் கடைக்குப் போங்கள். உள்ளே இருக்கிற ஓவியமெல்லாம் அங்கே காபிக் கோப்பையின் மேல் இருக்கிறது. "அதுலயும் கோப்பையைச் சுத்திப் பார்க்கலாம். உள்ள ஒரு பக்கம்தான் காட்டுவான்." இது லைலின் கலைக் கொள்கை.

வருடத்துக்கு ஒரு நாள் நகராட்சிக்காரர்கள் தங்கள் லாரிகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி, பிள்ளைகளை ஏறிப் பார்க்க விடுவார்கள். அது இந்த இனத்துக்குத் திருவிழா. லைலின் மகள் மேரனுடைய குழந்தைப் பருவப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயதில் தீயணைப்பு வண்டி மேல். இரண்டு வயதில் குப்பை லாரிக்குள். அடுத்ததில் பனி தள்ளும் லாரி. அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. வேற்றூர்க்காரர் பார்த்தால் நகராட்சி எடுத்து வளர்த்த குழந்தை என்றுதான் நினைப்பார்.

"விருப்பமிருந்தால் நன்கொடை தரலாம்" என்று எழுதிய கண்ணாடி உண்டியல் முன்னால் இந்த இனம் நிற்கும் நிலையை நீங்கள் பார்க்க வேண்டும். உடம்பால் உண்டியலை மறைத்துக்கொண்டு, கையைப் பையில் விட்டு, சாவிக்கொத்தை ஒரு குலுக்கு குலுக்கி, உண்டியல் மேல் ஒரு தட்டு தட்டி, ஏதோ பள்ளிக்கூடமே கட்டிக் கொடுத்தவர் போலக் காவலாளியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்வார்கள். காவலாளியும் தலையசைப்பார். அவரும் வீட்டில் ஓர் அப்பாதானே!

இந்தப் பயணங்களில் எனக்கும் பங்கு உண்டு. லைலின் காரில் நான்காவது இருக்கை என்னுடையது. "காலியாப் போனா வீணுப்பா, ஏறு" என்பார். ஏறிவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அவரோடு போனால் குதூகலமாக இருக்கும்! சிமெண்ட் ஆலையில் தூசியைப் பார்த்து மனுஷன் கைதட்டுவதை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆனால் இன்று அப்படி இல்லை. இன்று அவர் மனைவி டெனீஸுக்குப் பிறந்தநாள். நாற்பது.

ஒரு வாரம் முன்னாலேயே டெனீஸ் அறிவித்துவிட்டாள். கெட்டில் ஏரிப் பூங்காவில் ஒரு பழைய குதிரை ராட்டினம் இருக்கிறது. மரக்குதிரைகள், கண்ணாடிப் பதக்கங்கள், நடுவில் தானாக வாசிக்கும் ஆர்கன் பெட்டி. கல்யாணமான முதல் கோடையிலிருந்து ஒவ்வொரு வருடமும் லைல் அவளை அங்கே அழைத்துப் போகிறார். எங்கே? வேலிக்கு வெளியே இருக்கும் புல்மேட்டுக்கு! போர்வை விரித்து, ரொட்டி தின்று, கம்பி இடுக்கு வழியாகப் பார்த்து, பாட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"இந்த வருஷம் நான் அந்தக் குதிரை மேல உக்காரணும், லைல். வெள்ளைக் குதிரை. டிக்கெட் வாங்கி, கேட்டு வழியாப் போயி. வேற பரிசு எதுவும் வேணாம்."

"கண்டிப்பா, கண்ணு."

"கண்டிப்பான்னா?"

"கண்டிப்பான்னா கண்டிப்பாதான்."

இன்று காலை அவள் புதுசாக ஒரு மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். நானும் மேரனும் பின்னால். வண்டி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் புல்லில் குத்தி வைத்த ஒரு பலகை தெரியும் வரை.

"கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். இன்று பொதுமக்கள் பார்வைக்கு. அனுமதி இலவசம். அனைவரும் வருக."

கார் தானாகத் திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காருக்கே பழகிவிட்டது!

"லைல்."

"பத்தே நிமிஷம்."

"லைல், அது சாக்கடை."

"சாக்கடை இல்ல கண்ணு, சுத்திகரிப்பு. உள்ள போறப்பதான் சாக்கடை. வெளிய வர்றப்ப ஆறு."

"அப்பா, நாம போன வருஷமே பார்த்தாச்சு," என்றாள் மேரன். அவளுக்கு வயது பதினொன்று. "முதல்ல சல்லடை, அப்புறம் மண் தொட்டி, அப்புறம் கிருமி திங்கற தொட்டி. நானே சொல்லிடறேன், வண்டிய எடு."

"போன வருஷம் பழைய பம்பு. இப்ப புதுசு மாட்டியிருக்கான்!"

இறங்கினோம். தலைக்கவசம் கொடுத்தார்கள். மஞ்சள் கவுனும் வெள்ளைத் தலைக்கவசமுமாக டெனீஸ் நடந்து வந்த கோலத்தை வர்ணிக்க எனக்கு ஆயுள் போதாது. எங்களோடு இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள்; எல்லாவற்றிலும் ஒரு லைல்! அரைக்கால் சட்டை, இலவசத் தொப்பி. ஒருவரையொருவர் பார்த்து இரகசியச் சங்கத்தார் போலத் தலையசைத்துக்கொண்டார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் சுருக்கமாகப் பேசி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தார். லைல்கள் விடுவார்களா? கேள்வி மேல் கேள்வி. வண்டல் எங்கே போகிறது? வாடை எப்போது அதிகம்? வீட்டுக்குக் கொஞ்சம் உரம் கிடைக்குமா?

பெரிய வட்டத் தொட்டியின் ஓரத்தில் நிற்கும்போதுதான் லைலுக்கு உள்ளம் பொங்கியது. "இன்னைக்கு என் பொண்டாட்டிக்குப் பொறந்தநாள்!" என்று கத்தினார். அவ்வளவுதான். நாற்பது பேர், தொட்டியைச் சுற்றி நின்று, கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல், பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். தொட்டிக்கு மேலே அந்தப் பாட்டு எப்படி எதிரொலித்தது தெரியுமா? தேவாலயம் தோற்றது! நீளமான துடுப்பு ஒன்று வண்டலை மெதுவாகச் சுற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தது. வழிகாட்டி இளைஞர் பரிசாக ஒரு பென்சிலும், நீர்த்துளி வடிவத்தில் ஒரு காந்தமும் கொடுத்தார்.

டெனீஸ் அவருக்கு நன்றி சொன்னாள். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அந்தப் பழக்கம் எந்த இடத்திலும் விடாது. ஆனால் காரில் ஏறியதும் தலைக்கவச முத்திரை விழுந்த முடியைக் கோதிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பூங்கா."

லைல் வண்டியை எடுத்தார். பூங்காவின் வண்டி நிறுத்தத்தில் கட்டணம் என்பதால் தொலைவில் லூத்தரன் தேவாலயத்தின் வெற்று மைதானத்தில் நிறுத்தினார். நால்வரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தோம். வேலி வந்தது. ஆர்கன் சத்தம் கேட்டது. லைலின் கால் புல்மேட்டை நோக்கித் திரும்பியது. போர்வை காற்றில் விரிந்தது.

"பாரு டெனீஸ், மொத வரிசை! யாருமே வரல. நமக்காகவே வச்ச மாதிரி இருக்கு. உள்ள இருக்கறவன் ஒரு குதிரையத்தான் பார்ப்பான், நாம எல்லாத்தையும் பார்ப்போம்."

"நீ உக்காரு," என்றாள் டெனீஸ். அப்படியே நடந்தாள். ஜன்னலை நோக்கி!

மேரனும் நானும் பின்னால் ஓடினோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "எத்தனை பேர்?"

டெனீஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, சதுரங்கத்தில் ராணியை நகர்த்துகிறவன் முகத்தில்தான் அதைப் பார்க்க முடியும்.

"குடும்ப டிக்கெட் இருக்கா?"

"இருக்கு. நாலு பேருக்கு. நாள் பூரா எல்லாத்துலயும் ஏறலாம். மூணு தனி டிக்கெட்டவிட அதுதான் மலிவு."

நான்கு ஆரஞ்சுப் பட்டைகள். ஒன்று டெனீஸ் கையில், ஒன்று மேரன் கையில், ஒன்று என் கையில். நான்காவதை எடுத்துக்கொண்டு டெனீஸ் வேலியின் உட்பக்கமாக நடந்து, புல்மேட்டுக்கு நேராக வந்து நின்று, கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள்.

"இது உன்னுது."

லைல் எழுந்து நின்றார். பட்டையைப் பார்த்தார். "திருப்பிக் குடுத்துடு."

"திருப்பி வாங்க மாட்டாங்க."

"அப்ப யாருக்காவது வித்துடு."

"விக்கக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

"அப்ப என்ன பண்றது?"

"குப்பைத் தொட்டி அங்க இருக்கு," என்றாள் டெனீஸ் இனிமையாக.

வாசகரே, அந்த மனிதரின் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! உள்ளே போனால் டிக்கெட் வாங்கி உள்ளே போன மனிதன் ஆவார். போகாவிட்டால் வாங்கிய டிக்கெட்டை வீணாக்கிய மனிதன் ஆவார். ஒருபக்கம் நரகம், மறுபக்கம் அதைவிடப் பெரிய நரகம். போர்வையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அந்த வழியாகப் போன ஒரு குடும்பத்தைப் பார்த்து, சும்மா கொடுத்துவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தார். தன் மனைவி காசு கொடுத்த ராட்டினத்தில் எவனோ சுற்றும் காட்சி மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும், நின்றுவிட்டார்.

"அப்பா, நேரம் ஓடுது," என்றாள் மேரன். "அந்தப் பட்டை உன்னை விட்டுட்டு உள்ள ஜாலியா இருக்கு."

ஓடினார்! பட்டையைப் பிடுங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியைப் புல்லிலேயே போட்டுவிட்டு, தொப்பி பறக்க, அந்த ஜன்னலைத் தாண்டி, வாசலைத் தாண்டி ஓடி வந்து, மூச்சு வாங்கக் கையை நீட்டினார். டெனீஸ் பட்டையைக் கட்டிவிட்டாள். கல்யாண மோதிரத்தைக்கூட அவர் அப்படிப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

பிறகு குதிரை ராட்டினம்.

டெனீஸ் நேராக வெள்ளைக் குதிரைக்குப் போனாள். பக்கவாட்டில் உட்கார்ந்து பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். லைலுக்கு அதற்கு அடுத்திருந்த மரப்பன்றிதான் கிடைத்தது, ஏறிக்கொண்டார். ஆர்கன் பெட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பாட ஆரம்பித்தது. குதிரை மேலே போனது, பன்றி கீழே வந்தது. முதல் சுற்றில் டெனீஸ் சிரித்தாள். இரண்டாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் அவள் கன்னம் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். என் கன்னமும் நனைந்தது, எழுதும்போதும் நனைகிறது, போகட்டும்.

லைல் பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். "டெனீஸ், இத்தனை வருஷமா நீ இதுக்கா ஏங்குன?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"வருஷா வருஷம் சொன்னேன், லைல். நீ ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்த."

லைல் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரையும் பன்றியும் ஏறி இறங்கும் நேரம் வேறு வேறு என்பதால் இருவர் கையும் மேலும் கீழுமாக இழுபட்டன, விடவில்லை. இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு அழகு!

முடியுமா? நாள் பூரா எல்லாவற்றிலும் ஏறலாம் என்றல்லவா அந்தப் பெண் சொல்லியிருந்தாள்!

ராட்டினம் நின்றதும் லைலின் கண்ணில் வேறொரு ஒளி. "எறங்காத. மறுபடி சுத்தட்டும்." மறுபடி சுற்றியது. மறுபடி. டெனீஸ் தலைசுற்றி இறங்கிவிட்டாள். லைல் அடுத்ததுக்கு ஓடினார். தேநீர்க் கோப்பை ராட்டினம், மோதும் கார், மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர், குழந்தைகள் போகும் குட்டி ரயில். குட்டி ரயிலில் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு நான்கு வயதுப் பெண்ணிடம் "நீ எத்தனாவது தடவ? நான் ஆறாவது" என்று பெருமை அடித்தார். ரோலர் கோஸ்டரிலிருந்து பாசி நிறத்தில் இறங்கி வந்தார். குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்.

"லைல், போதும், வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் மூடல டெனீஸ்! மூடாத பூங்காவ விட்டுட்டுப் போறதா?"

"உன் மூஞ்சி பச்சையா இருக்கு."

"மூஞ்சிக்கா டிக்கெட் எடுத்தோம்? கைக்குத்தானே!"

மேரன் ஒரு பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டாள். டெனீஸ் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும் நேரத்தில், விளக்குகள் எரிந்து, ஒலிபெருக்கியில் பூங்கா மூடப்போவதாகச் சொன்ன பிறகுதான் லைல் தள்ளாடிக்கொண்டு வந்தார். ஒருவழியாக நாங்கள் வாசலை நெருங்கினோம். அப்போதுதான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதே பெண், நல்ல மனசோடு, ஒரு பாவமும் அறியாமல், குரல் கொடுத்தாள்.

"வெளிய போறதுக்கு முன்னாடி சீசன் பாஸா மாத்திக்கிறீங்களா? இன்னைக்கு எடுத்த டிக்கெட்ட அதுல அப்படியே கழிச்சிடுவோம்."

லைல் நின்றார். "கழிச்சிடுவீங்களா?"

"ஆமா."

"அப்ப இன்னைக்கு நாங்க வந்தது?"

"சும்மா வந்த மாதிரிதான்!"

சும்மா. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர் முகத்தில் இருந்த பச்சை மறைந்து ரத்தம் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். யார் கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், தன் காலால் தானே நடந்து, அந்த ஜன்னல் முன்னால் போய் நின்று, பர்ஸைத் திறந்தார் லைல் பேகல். இன்றைய டிக்கெட்டைப் போல ஐந்து மடங்கு கொடுத்து இன்றைய டிக்கெட்டை மிச்சம் பிடித்தார்! குடும்பத்துக்கு நான்கு பாஸ். நான்காவது எனக்காம். இருக்கை வீணாகக் கூடாதாம்.

பாஸ்களை விசிறி போலப் பிடித்துக்கொண்டு திரும்பினார். உலகத்தையே மனைவிக்கு வாங்கி வந்த மகாராஜா தோற்றுவிடுவான்.

"டெனீஸ்! இனிமே தினமும் வரலாம்! பனி விழற வரைக்கும், தினமும், ஒரு பைசா கிடையாது! எத்தனை தடவ வர்றோமோ அத்தனை லாபம். நாளைக்குக் காலையில கதவு திறக்கறப்பவே நாம நிக்கணும். வெள்ளைக் குதிரை உனக்குத்தான்!"

டெனீஸ் அவரைப் பார்த்தாள். கையில் செருப்பு, கசங்கிய மஞ்சள் கவுன். திட்டப் போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவள் எட்டி அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"நாளைக்கு நீ வா. நான் வீட்டுல தூங்கப் போறேன். அதுவும் சும்மாதான்."

லைல் அதைச் சீரியஸாக யோசித்தார். தேவாலய மைதானம் வரும் வரை யோசித்தார். இருட்டில் அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "பாஸ் இருந்தும் வராம தூங்குனா, அது சும்மா ஆகாதே..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி. இதை எப்படிப் படிக்கிறீர்கள்? காசு கொடுத்து வாங்கியா? இல்லை, கடையில் நின்றபடியே, விற்பவர் உங்கள் பக்கம் பார்க்காத நேரமாகப் புரட்டியா? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனை எட்டிப் பார்த்தா? அவர் விரலால் தள்ளும் வரை அடுத்த வரிக்காகக் காத்திருந்தா? அப்படியானால் ஐயா, அம்மா, அரைக்கால் சட்டை உங்கள் அளவிலும் தைக்கிறார்கள்.

ஆகவே தயவுசெய்து இந்த வாரம் ஒரு நாள், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருக்கிற அந்த இடத்துக்குப் போய், ஜன்னல் முன்னால் நின்று, "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லுங்கள். போய் வந்ததும் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். சீசன் பாஸ் பற்றி அந்தப் பெண் ஏதாவது சொன்னால் மட்டும், காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள்!